நிகழ்வு ஆய்வு: பினாங்கில் ஒரு சிறுவர் இல்லமும் ஒரு கட்டுரை நோட்டும்

இது பினாங்குத் தீவில் நடந்தது. ஆண்டையும் வட்டாரத்தையும் சொல்லப் போவதில்லை. பாதுகாப்பில் உள்ள பிள்ளைகளை அடையாளம் காட்டும் விவரங்களை வெளியிடக் கூடாது என்று 2001ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் சொல்ல மாட்டேன். மூன்று பிள்ளைகள் இதில் அடிக்கடி வருவார்கள். அவர்களை மூத்தவள், நோட்டுக்காரன், சின்னவன் என்று குறிப்பிடுகிறேன். இல்லத்தை நடத்தியவர் பொறுப்பாளர். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அந்த இல்லத்தில் நான்கு ஆண்டுகள் ஞாயிறுதோறும் டியூஷன் சொல்லிக்கொடுத்தேன்.

நன்கொடை கொடுப்பவர்களும், என்னைப் போல் வாரம் ஒருமுறை இல்லங்களுக்குப் போய் வருபவர்களும் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான்கு ஆண்டுகள் எனக்குத் தெரியாத ஒன்றை 12 வயதுப் பெண்ணும் 14 வயதுப் பையனும் கண்டுபிடித்தார்கள்.

பின்னணி

இல்லம் ஒரு மூலை வீடு, இரண்டு மாடி. வாசலில் துளசி மாடம், உள்ளே நுழைந்ததும் பெரிய சாமி அறை. ஹால் சுவர் முழுக்கப் பிரமுகர்களோடு எடுத்த படங்கள். 5 வயது முதல் 17 வயது வரை 31 பிள்ளைகள் இருந்தார்கள். பொறுப்பாளரும் அவர் மனைவியும் மேல்மாடி முன்னறையில் தங்கியிருந்தார்கள். பிள்ளைகள் அவர்களை அப்பா, அம்மா என்றுதான் கூப்பிட வேண்டும். அப்போது எனக்கு அது அன்பாகத் தெரிந்தது.

சனி, ஞாயிறு வந்தால் வீடு நிறைய விருந்தாளிகள் இருப்பார்கள். பிள்ளையின் பிறந்தநாள் என்று ஒரு குடும்பம் வரும், தாத்தாவின் திதி என்று இன்னொரு குடும்பம் வரும். நிறுவனங்கள் ஒரே நிறத்தில் டி-சட்டை போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வரும் வெளியூர்க்காரர்கள்கூட வண்டியை நிறுத்தி அரிசி மூட்டை இறக்கிவிட்டுப் போவார்கள். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரங்களில் ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று விருந்து நடக்கும். பிள்ளைகள் வரிசையாக நின்று தேவாரம் பாடுவார்கள். பாடி முடித்ததும் ஒரே குரலில் நன்றி சொல்வார்கள். தலை வாரி, திருநீறு பூசி, பளிச்சென்று இருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டுக் கண் கலங்காமல் வெளியே போனவர் குறைவு. நானும் கலங்கியிருக்கிறேன்.

பொறுப்பாளர் கத்திப் பேசி நான் கேட்டதில்லை. சின்னப் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொள்வார். எனக்கு ஒவ்வொரு வாரமும் தேநீர் வரும். கொடுமை நடக்கும் இடம் என்றால் இருட்டாக, அழுக்காக, பிள்ளைகள் எலும்பும் தோலுமாக இருப்பார்கள் என்று ஒரு படம் நம் மனத்தில் இருக்கிறது. அந்தப் படத்தோடு இந்த வீடு எதிலும் ஒத்துப்போகவில்லை.

கண்ணில் பட்டவை

இப்போது யோசித்தால் கண்ணில் பட்டவை நிறைய. ஒவ்வொன்றுக்கும் நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிறு காலை வகுப்பில் பெரிய பிள்ளைகள் தூங்கி விழுவார்கள். சனிக்கிழமை ராத்திரி டிவி பார்த்திருப்பார்கள் என்று நினைத்தேன். ஒரு நிறுவனம் 31 ஜோடி பள்ளிக் காலணி கொடுத்ததை நேரில் பார்த்தேன். இரண்டு மாதம் கழித்து, இடைநிலைப்பள்ளியில் படிவம் 2 படிக்கும் பையன் பின்பக்கம் கிழிந்த காலணியைச் செருப்பு மாதிரி மிதித்துப் போட்டிருந்தான். பையன்கள் காலணியை அப்படித்தான் கிழிப்பார்கள் என்று விட்டுவிட்டேன். பொருள் வைக்கும் அறை எப்போதும் பூட்டியிருந்தது. நான் எந்தப் பிள்ளையோடும் தனியாக இரண்டு நிமிடம் பேசினால் உடனே யாராவது ஒருவர் வந்து, "டீச்சர், தண்ணி வேணுமா?" என்று கேட்பார்.

எல்லாவற்றையும் விட என்னை உறுத்த வேண்டிய விஷயம் வேறு. வந்தவர்கள் குடும்பத்தைப் பற்றிக் கேட்டால், 5 வயதுக் குழந்தையும் 15 வயதுப் பிள்ளையும் ஒரே பதிலைச் சொன்னார்கள். "எங்களுக்கு யாரும் இல்லை, அப்பா அம்மாதான் எங்களுக்குத் தெய்வம்." சொல் மாறாது, வரிசை மாறாது. முப்பது ஆண்டு வகுப்பில் நின்றவள் நான். மனப்பாடம் செய்த பதில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் காதில் வாங்கவில்லை.

பிள்ளைகள் கண்டுபிடித்தது

இந்தப் பகுதியில் வருவது பின்னால் பிள்ளைகளே சொன்னது. அதிகாரிகளிடம் சொல்லி முடித்த பிறகு, மெதுவாக, தங்கள் விருப்பத்தில் என்னிடமும் சொன்னார்கள்.

மலேசியாவில் 12 வயதானால் மைகார்டு என்ற அடையாள அட்டை எடுக்க வேண்டும். மூத்தவள் ஆறாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். இல்லத்தில் சமைக்கும் அம்மா ஒருவர் அவளைப் பதிவு இலாகாவுக்கு அழைத்துப் போனார். கவுண்டரில் பிறப்புப் பத்திரத்தைக் கொடுத்தார்கள். அங்கிருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, அம்மா ஏன் வரவில்லை என்று மலாயில் கேட்டார். சமையல்கார அம்மா, இறந்துவிட்டார் என்றார். இறப்புப் பத்திரம் எங்கே என்று கேட்டார் அந்தப் பெண். இவர் விழித்தார். "இறந்ததாகப் பதிவு எதுவும் இல்லையே" என்று சொல்லி, காப்பாளருக்கான கடிதத்தோடு இன்னொரு நாள் வரச் சொல்லிவிட்டார்.

சமையல்கார அம்மாவுக்கு மலாய் அரைகுறை. மூத்தவளுக்கு மலாய் நன்றாக வரும். நான் கற்றுக்கொடுத்ததும் அதில் கொஞ்சம் உண்டு. பிறப்புப் பத்திரத்தைக் கையில் வாங்கிப் பைக்குள் வைக்கும் நேரத்தில், அதிலிருந்த அம்மாவின் முழுப் பெயரையும் முகவரியையும் படித்து மனத்தில் ஏற்றிக்கொண்டாள். ஆறு ஆண்டுகளாக அம்மா இறந்துவிட்டார் என்று நம்பிய பிள்ளை அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது ஒரு வார்த்தையும் பேசவில்லையாம்.

அவள் முதலில் சொன்னது நோட்டுக்காரனிடம். பொறுப்பாளருக்கு அவன்மேல் நம்பிக்கை இருந்தது. மூட்டை தூக்க, பெட்டி எண்ண, பொருள் அறைச் சாவியை எடுத்து வரச் சொல்ல அவனைத்தான் கூப்பிடுவார். மூத்தவள் சொன்னதைக் கேட்ட பிறகு அவன் தன் வரலாற்று நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுத ஆரம்பித்தான். தேதி, வந்த பொருள், அளவு, திங்கட்கிழமை விடியற்காலை வந்த லாரியில் ஏறிய பொருள், அதன் அளவு, லாரியின் எண். ஏழு வாரங்களுக்கு எழுதினான். ஒரு வாரத்தில் 40 மூட்டை அரிசி வந்து 33 மூட்டை போயிருக்கிறது. மைலோ, பால்மாவு, சமையல் எண்ணெய், பிள்ளைகள் கட்டாத புது வேட்டிகள்வரை கணக்கில் இருந்தன. எல்லாம் ஒரு மளிகைக்கடைக்குப் போயின.

வெள்ளி, சனி ராத்திரிகளையும் அவன் எழுதினான். எந்த வேனில் யார் யார் போனார்கள், எத்தனை கூப்பன் விற்றார்கள், எத்தனை மணிக்குத் திரும்பினார்கள் என்று எல்லாம் இருந்தது. 10 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பாலம் தாண்டி பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் பக்கத்து உணவுக் கடைகளுக்குக் கூட்டிப்போய் நன்கொடைக் கூப்பனும் டிஷ்யூ பொட்டலமும் விற்க வைத்தார்கள். தீவில் விற்றால் தெரிந்த முகம் யாராவது பார்த்துவிடுவார்களே. திரும்பி வர நள்ளிரவு ஆகும். கொடுத்த கூப்பனை விற்று முடிக்காத பிள்ளைக்கு மறுநாள் விருந்துச் சாப்பாடு கிடையாது, பரிமாற மட்டும் நிற்க வேண்டும். விருந்தில் சில பிள்ளைகள் அவ்வளவு அக்கறையாகப் பரிமாறுவதை நாங்கள் எல்லாரும் பாராட்டியிருக்கிறோம். சட்டம் பிள்ளைகளை இரவு 8 மணியிலிருந்து காலை 7 மணிவரை வேலை செய்ய விடுவதில்லை. 1966ஆம் ஆண்டிலிருந்து அந்தச் சட்டம் இருக்கிறது. தெருவில் நன்கொடை வசூலிக்கப் போலீஸ் அனுமதி வேண்டும், அந்தச் சட்டமோ 1947ஆம் ஆண்டிலேயே வந்தது. மேசை மேசையாக வந்து நின்ற இந்தப் பிள்ளைகளிடம் அனுமதிக் கடிதம் எங்கே என்று யாரும் கேட்டதாக நோட்டில் இல்லை.

மூன்றாவது விஷயம் சின்னவன். ஒரு நாள் மாலை ஒரு பெண் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். பொறுப்பாளரின் மனைவி எல்லாரையும் உள்ளே போகச் சொன்னார். "பிள்ளை பிடிக்கிறவள், பக்கத்தில் போகாதீர்கள்" என்றார். அந்தப் பெண் ஒரு செல்லப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அது இல்லத்தில் யாரும் கேள்விப்படாத பெயர். 7 வயதுச் சின்னவன் நின்று திரும்பிப் பார்த்தான். மூத்தவள் அவனுக்குப் பக்கத்தில்தான் நின்றாள்.

அன்றைக்குப் பிறகு மூத்தவளுக்கும் நோட்டுக்காரனுக்கும் சந்தேகம் இல்லை. யாரிடம் சொல்வது என்பதுதான் கேள்வி. முதலில், அடிக்கடி வரும் ஒரு நன்கொடையாளருக்கு எழுதிய நன்றி அட்டைக்குள் ஒரு சீட்டு வைத்தார்கள். அட்டைகளைப் பொறுப்பாளர் படித்துப் பார்த்துத்தான் கொடுப்பார் என்று அவர்களுக்குத் தெரியாது. நோட்டுக்காரனைப் பிரம்பால் அடித்துவிட்டு, இரண்டு வாரம் வேறு ஒரு வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வீட்டில் 5 வயதுக்குக் கீழ்ப்பட்ட 9 குழந்தைகளை ஒரே பெண் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு வீடு இருப்பதே வெளியே யாருக்கும் தெரியாது. தண்டனைக்கு என்று அனுப்பிய இடத்தில்தான் அவன் மிகப் பெரிய விஷயத்தைப் பார்த்தான். அதையும் எழுதிக்கொண்டான்.

கட்டுரை நோட்டு

ஒரு ஞாயிறு வகுப்பில் 'என் அம்மா' என்ற தலைப்பில் பத்து வரி எழுதச் சொன்னேன். அம்மா இல்லாத பிள்ளைகளுக்கு இந்தத் தலைப்பைக் கொடுக்கலாமா என்று தயங்கித்தான் கொடுத்தேன். பாடப்புத்தகத்தில் அந்தத் தலைப்பு இருந்தது. பலர் பொறுப்பாளரின் மனைவியைப் பற்றி எழுதினார்கள். மூத்தவள் எழுதியது வேறு மாதிரி இருந்தது. "என் அம்மா இருக்கிறார். அவர் பெயர் எனக்குத் தெரியும். அவர் பிறை ஊரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் வாழ்கிறார்."

நான் சிவப்புப் பேனாவால் இருக்கிறார் என்பதை இருந்தார் என்று திருத்தினேன். வாழ்கிறார் என்பதை வாழ்ந்தார் என்று திருத்தினேன். ஓரத்தில் இறந்தகாலம் என்று எழுதி நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் நோட்டு என்னிடம் வந்தது. திருத்தத்துக்குக் கீழே பென்சிலில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. "பிழை இல்லை டீச்சர். நிகழ்காலம்தான்." அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். மைகார்டு எடுக்கப் போன அன்று நடந்ததை முழுதாக எழுதியிருந்தாள். நோட்டுக்காரனின் வரலாற்று நோட்டு என் மேசையில் மற்ற நோட்டுகளுக்கு அடியில் இருந்தது. அதை யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் எனக்கு வந்த எண்ணம் தவறானது. நேராக மேலே போய்ப் பொறுப்பாளரிடம் கேட்கலாம் என்று நினைத்தேன். நான்கு ஆண்டுப் பழக்கம், ஏதாவது விளக்கம் இருக்கும் என்று மனம் சொன்னது. கேட்காமல் வந்ததற்கு என் கெட்டிக்காரத்தனம் காரணம் இல்லை. அந்த நேரம் பிறந்தநாள் விருந்துக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள், அவ்வளவுதான். நோட்டுகளைப் படம் எடுத்துக்கொண்டு இரண்டையும் பழையபடி அடுக்கிலேயே வைத்துவிட்டேன். காணாமல் போனால் பிள்ளைகளுக்குத்தான் அடி விழும்.

அன்று சாயங்காலம், சமூகநலப் பணியில் பல ஆண்டுகள் இருந்த தோழி ஒருவரிடம் சொன்னேன். "அக்கா, நீங்க போய்க் கேட்டா அவருக்கு ஒரு ராத்திரி கிடைச்சிடும். ஒரு ராத்திரி போதும் அவருக்கு" என்றார். காகிதம் எரியும், சின்னக் குழந்தைகள் வேறு மாநிலத்துக்குப் போய்விடுவார்கள், எழுதிய இரண்டு பிள்ளைகளும் யார் என்று தெரிந்துவிடும் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். பிள்ளைகளை மேற்கொண்டு துருவிக் கேட்க வேண்டாம் என்றும் சொன்னார். பயிற்சி இல்லாதவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டால் பிள்ளை குழம்பும், கேட்பவருக்குப் பிடித்த பதிலைச் சொல்லும், அப்புறம் வழக்கில் அந்த வாக்குமூலம் நிற்காது. பிள்ளைகளிடம் விசாரிக்கப் போலீசில் தனிப் பிரிவே இருக்கிறது.

அன்று இரவே 15999 எண்ணில் தாலியான் காசே என்ற அரசு உதவித் தொலைபேசியைக் கூப்பிட்டேன். அது 24 மணி நேரமும் இயங்குகிறது. முகவரி, பிள்ளைகளின் எண்ணிக்கை, உடனடி ஆபத்து உண்டா, காயம் பார்த்தேனா என்று கேட்டார்கள். பிறகு தோழியின் சொற்படி இரண்டு பக்கக் குறிப்பு எழுதினேன். நான் கண்ணால் பார்த்தது ஒரு பகுதி, பிள்ளைகள் எழுதியது ஒரு பகுதி, நான் ஊகிப்பது ஒரு பகுதி. மூன்றையும் கலக்காமல் எழுதியதுதான் பின்னால் அதிகம் பயன்பட்டது என்று விசாரித்த அதிகாரி சொன்னார். போலீஸிலும் புகார் கொடுத்தேன்.

இடையில் ஒரு ஞாயிறு வந்தது. போகாமல் இருந்தால் சந்தேகம் வரும். போய் இரண்டு மணி நேரம் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். என் வாழ்க்கையில் அதைவிட நீளமான இரண்டு மணி நேரம் இல்லை. மூத்தவளின் நோட்டில் என் சிவப்புத் திருத்தங்களை அடித்துவிட்டு, 'பிழை என்னுடையது' என்று மட்டும் எழுதினேன். அவள் படித்தாள். "அடுத்த வாரமும் வருவீங்களா டீச்சர்?" என்று கேட்டாள். வருவேன் என்றேன். உன்னை அம்மாவிடம் சேர்த்துவிடுவேன் என்று சொல்ல நாக்கு துடித்தது, சொல்லவில்லை. அது என் கையில் இல்லாத வாக்கு.

தலையிட்ட நாள்

புகார் கொடுத்து ஒன்பதாம் நாள் அதிகாலை, சமூகநல இலாகாவின் சிறுவர் பாதுகாப்பு அதிகாரிகளும் போலீசும் இரண்டு வீடுகளுக்கும் ஒரே நேரத்தில் போனார்கள். நான் அங்கே இல்லை, இருக்கவும் கூடாது என்றார்கள். அவர்களைப் பார்த்ததும் பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டார்களாம். இலாகாக்காரர்கள் வந்தால் பூட்டி வைப்பார்கள் என்று பொறுப்பாளர் சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார்.

நான்கு பேரோ அதற்கு மேலோ தங்கியிருந்தால் அந்த இடம் 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பெரிய வீட்டின் பதிவு காலாவதியாகியிருந்தது. குழந்தைகள் இருந்த வீட்டுக்குப் பதிவே இல்லை. தற்காலிகப் பாதுகாப்பில் எடுத்த பிள்ளைகளை 24 மணி நேரத்துக்குள் சிறுவர் நீதிமன்றத்தின் முன் கொண்டுபோக வேண்டும் என்பது விதி. 40 பிள்ளைகளையும் மறுநாள் கொண்டுபோனார்கள்.

வெளிவந்தது

40 பேரில் 26 பேருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தார்கள். இருவரும் இல்லை என்று பத்திரத்தோடு உறுதியானது 5 பேருக்கு மட்டும். மீதிப் பேருக்குத் தாத்தா, பாட்டி, சித்தி என்று யாரோ இருந்தார்கள், அல்லது நான் கேட்ட நாள்வரை முடிவு தெரியவில்லை.

தாய்மார்களில் பலர் பிறைத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்த்தவர்கள். சிலர் கெடாவில் தோட்டம் விட்டு வந்தவர்கள். புருஷன் விட்டுப் போயிருப்பார், அல்லது குடியில் அழிந்திருப்பார். ராத்திரி ஷிப்டில் பிள்ளையை யாரிடம் விடுவது என்று தெரியாமல், நல்ல இடம் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கொண்டுவந்து விட்டவர்கள். அவர்களிடம் மாதம் 150 ரிங்கிட் சாப்பாட்டுக் காசு வாங்கியிருக்கிறார்கள். அடிக்கடி வந்தால் பிள்ளையின் படிப்பு கெடும், தீபாவளிக்கு ஒருமுறை வாருங்கள் என்று முதலில் சொல்வார்களாம். பிறகு அதுவும் நின்றுவிடும். வற்புறுத்திய தாயிடம், மலாயில் எழுதிய ஒரு தாளைக் காட்டி, நீங்கள் பிள்ளையை எழுதிக் கொடுத்துவிட்டீர்கள் என்று மிரட்டியிருக்கிறார்கள். அந்தத் தாளுக்கு ஒரு மதிப்பும் கிடையாது. தத்தெடுப்பு என்றால் நீதிமன்றம் அல்லது பதிவு இலாகா வழியாகத்தான் நடக்க வேண்டும். ஆனால் படிக்கத் தெரியாத மொழியில் தன் கையெழுத்தைப் பார்த்த தாய் பயந்துதான் போவாள்.

அம்மா உங்களைப் பார்க்க விரும்பவில்லை என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தால்கூட ஏதோ ஒரு மிச்சம் இருந்திருக்கும். இறந்துவிட்டார் என்றே சொன்னார்கள். அநாதை என்றால்தான் மூட்டை வரும், பஸ் வரும், படம் எடுக்க ஆள் வரும். அந்த வீட்டுக்கு அநாதைகள் தேவைப்பட்டார்கள். அதனால் இருந்த தாய்களை இல்லாமல் ஆக்கினார்கள். பிரம்படியையும் கூப்பனையும் விட இதைத்தான் நான் பெரிய கொடுமையாக நினைக்கிறேன். இது இந்த ஊரில் மட்டும் நடப்பதும் இல்லை. இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார்கள் என்பதை 2019இல் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானமே குறிப்பிட்டது.

அதற்குப் பின்

பிள்ளைகளை மூன்று நான்கு இடங்களில் பிரித்துத் தங்க வைத்தார்கள். ஒரே இடத்தில் 40 பேருக்கு இடம் இல்லை. அண்ணன் தங்கை இருவர் வேறு வேறு இடத்துக்குப் போனார்கள். ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் தனித்தனி இடம் என்பது காரணம். அந்தத் தங்கை பத்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சின்னப் பிள்ளைகள் பலர் பொறுப்பாளரையும் அவர் மனைவியையும் தேடி அழுதார்கள். அது பலருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அப்பா, அம்மா என்று வேறு யாரையும் அவர்கள் கூப்பிட்டதில்லையே.

சின்னவன் ஆறு வாரத்தில் வீடு திரும்பினான். கேட்டுக்கு வெளியே நின்ற அந்தப் பெண் அவன் தாய்தான்.

மூத்தவளுக்கு ஐந்து மாதம் ஆனது. பிறப்புப் பத்திரத்தில் இருந்த பிறை முகவரி பழையது, அவள் தாய் புக்கிட் மெர்தாஜாம் பக்கம் குடிபோயிருந்தார். உங்கள் மகள் உங்களைப் பார்க்க மாட்டேன் என்கிறாள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். முதல் சந்திப்பில் இருவரும் அழவில்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள் என்று உடன் இருந்த அதிகாரி சொன்னார். இரண்டாவது சந்திப்புக்குத் தாய் வறுத்த மீகூன் கொண்டுவந்தார். மூன்றாவது சந்திப்பில்தான் பேச்சு வந்தது. வீட்டுக்குப் போன பிறகும் சண்டை, கோபம், பேசாமல் இருப்பது எல்லாம் இருந்தது. ஆறு ஆண்டு இடைவெளி அப்படித்தான் இருக்கும்.

நோட்டுக்காரனின் பெற்றோர் உண்மையாகவே இறந்துவிட்டார்கள். அந்த 5 பேரில் அவனும் ஒருவன். எல்லாருக்கும் அம்மாவைத் தேடிக் கொடுத்த பையனுக்குப் போக வீடு இல்லை. இன்னொரு இல்லத்தில் சேர்த்தார்கள். இது நல்ல இடம். எனக்கு உறுதியாகத் தெரியும், இந்த முறை கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டேன்.

வழக்கு எதிர்பார்த்த அளவுக்குப் போகவில்லை. பதிவு இல்லாமல் நடத்திய குற்றத்துக்கு அபராதம் விதித்தார்கள், இரண்டு வீடுகளும் மூடப்பட்டன. சிறுவர் சட்டத்தின் 31ஆம் பிரிவில் கொடுமைக்கு 20 ஆண்டுவரை சிறை உண்டு. ஆனால் நீதிமன்றத்தில் நின்று சொல்லப் பல பிள்ளைகள் தயாராக இல்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பணத்தைப் பற்றிக் கேட்டபோது, கொடுத்தவர்களில் பெரும்பாலோரிடம் ரசீது இல்லை. ரொக்கமாகக் கொடுத்திருந்தார்கள், நானும் அப்படித்தான் கொடுத்தேன்.

ஊரில் சிலர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். "நம்ம ஆளு செஞ்ச தர்மத்தை நாமே கெடுக்கலாமா?" என்று ஒருவர் கேட்டார். 2024 செப்டம்பரில் சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் 20 இல்லங்களிலிருந்து 402 பிள்ளைகளைப் போலீஸ் மீட்ட செய்தி வந்தபோது, அதே மனிதர் எனக்குப் போன் செய்தார். வேறு எதையோ பேசிவிட்டு வைத்துவிட்டார். அன்றே மூத்தவளிடமிருந்தும் ஒரு செய்தி வந்தது. "டீச்சர், அந்தப் பிள்ளைங்கள்ல அண்ணன் தங்கச்சியைப் பிரிக்காம வைப்பாங்களா?"

மறுபடி நடந்தால்

முதல் நாளே பதிவுச் சான்றிதழைக் கேட்பேன். எத்தனை பேருக்கு அனுமதி, எந்த ஆண்டுவரை, எந்த முகவரிக்கு என்று பார்ப்பேன். அதைவிட முக்கியமாக இரண்டு கேள்விகள் கேட்பேன். இவர்களில் எத்தனை பேருக்குத் தாயோ தகப்பனோ இருக்கிறார்கள்? அவர்கள் எப்போது வந்து பார்க்கிறார்கள்? நல்ல இல்லம் இதற்குப் பெயர் சொல்லாமலே பதில் சொல்லும், வருகைப் பதிவேட்டைக் காட்டும். பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டேன். விருந்தாளிகள் பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டுத்தான் அந்த மனப்பாடப் பதில் உருவானது.

பொருளாகக் கொடுப்பதையும் ரொக்கமாகக் கொடுப்பதையும் நிறுத்துவேன். ரசீது தரும் இடத்துக்கு வங்கி வழியாகக் கொடுப்பேன். பிள்ளைகளைப் பாட வைத்துப் படம் எடுப்பதை விட்டுவிடுவேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் தாயிடம் போவேன். சமூகநல இலாகாவின் சிறுவர் உதவித்தொகை அப்போது, 6 வயதும் அதற்குக் கீழும் என்றால் ஒரு பிள்ளைக்கு மாதம் 200 ரிங்கிட், 7 முதல் 18 வயதுவரை 150 ரிங்கிட்டாக இருந்தது. ஒரு குடும்பத்துக்கு 1,000 ரிங்கிட் வரை கிடைத்தது. நான் சந்தித்த தாய்மார்களில் இதற்கு விண்ணப்பம் போட்டிருந்தவர் ஒருவர்கூட இல்லை. தனக்கு வர வேண்டிய 150 ரிங்கிட்டைப் பற்றித் தெரியாமல், அந்த வீட்டுக்கு 150 ரிங்கிட் கட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போது நானும் தோழியும் மாதம் இரண்டு சனிக்கிழமை பிறை அடுக்குமாடிகளுக்குப் போய் விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுக்கிறோம். சம்பளச் சீட்டு, பிள்ளையின் பிறப்புப் பத்திரம், வங்கிக் கணக்கு மூன்றும் இருந்தால் அரை மணி நேர வேலை.

வகுப்பில் நான் செய்த தவற்றையும் பதிவு செய்ய வேண்டும். பிள்ளை எழுதியது என் மனத்தில் இருந்த கதையோடு பொருந்தவில்லை என்றதும் பிள்ளையைத் திருத்தினேன். இப்போது அப்படி ஒரு வரி வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இதைப் பற்றி இன்னும் எழுதுகிறாயா?" என்று கேட்கிறேன்.

நோட்டுக்காரன் கேட்ட உதவி

நோட்டுக்காரன் இப்போது படிவம் 5, எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வு எழுதப் போகிறான். மாதத்தின் முதல் சனிக்கிழமை போய்ப் பார்க்கிறேன். போன ஆண்டு ஒரு நாள், "டீச்சர், எனக்கு ஒரு உதவி" என்றான். தன் பெற்றோரின் இறப்புப் பத்திரங்களைத் தானே பார்க்க வேண்டும் என்றான். அதிகாரிகள் சரிபார்த்துவிட்டார்களே என்று சொல்ல வந்தேன், சொல்லவில்லை.

இல்லத்தின் கடிதத்தோடு பதிவு இலாகாவுக்குப் போனோம். எண் சீட்டு எடுத்து ஒரு மணி நேரம் காத்திருந்தோம். இரண்டு பத்திரங்களின் நகலும் கிடைத்தன. அவன் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து பெயர், தேதி, இடம், காரணம் என்று ஒவ்வொரு கட்டத்தையும் விரலை வைத்துப் படித்தான். படித்து முடித்ததும் இரண்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, தன் ஃபைலில் பிறப்புப் பத்திரத்துக்குப் பின்னால் வைத்தான். பிறகு, பசிக்கிறது என்றான். கீழே கடைக்குப் போய் ரொட்டி சானாய் சாப்பிட்டோம்.